கடைசிப் பந்தியில் நின்றவன்

1971 ஜூன் 14, திங்கட்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். முகம் கழுவி, ஜெபம் செய்து, ஐந்தரைக்குக் காபி குடித்தேன். ஆறேகாலுக்கு ஆலை வாசலில் இருந்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போது ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் வேலை பார்த்தது இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில், டைம் கீப்பராக. உள்ளே வருகிறவர்களின் அட்டையில் நேரம் பதிகிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்வது என் வேலை. அன்று தாமதமாக வந்தவர்கள் நான்கு பேர்.

பதினொன்றரைக்கு இருமல் வந்தது. மூன்று மாதமாக இருந்த அதே இருமல்தான். முடிந்ததும் கைக்குட்டையைப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரத்தம்.

அன்றைய நாட்குறிப்பில் ‘இருமல், சற்று அதிகம்’ என்று எழுதினேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை எத்தனை மணிக்கு நின்றது என்பதுகூட அதில் இருக்கும். அந்த இரத்தம் மட்டும் இல்லை.

அது என்ன நோய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் மூத்த அண்ணன் காசநோயில் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய், டி.பி. என்பார்கள்) இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அந்த நிறத்தை நான் மறந்ததே இல்லை. ஆனால் அண்ணன் காலத்தில் மருந்து கிடையாது. என் காலத்தில் இருந்தது, இலவசமாகவே கொடுத்தார்கள். இதே இருமலோடு இதைப் படிக்கிற ஒருவர் இருந்தால் அவருக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நான் தாமதித்தது மருந்து இல்லாததால் அல்ல. பயத்தால்.

எதற்குப் பயம்? ஆலையில் நாற்காலி போய்விடும் என்று பயம். குடியிருப்பில் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள் என்று பயம். எல்லாவற்றையும் விட சபையாருக்குப் பயம். எங்கள் சிறிய ஆலயத்துக்கு நான் ஒன்பது ஆண்டுகளாகச் செயலாளர். ‘சாமுவேல் சார் சொன்னால் சரியாக இருக்கும்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்வது). ஒரே வெள்ளிப் பாத்திரம். பீடத்தின் முன் பந்தி பந்தியாக முழங்காலிட்டு, எல்லாரும் அந்த ஒன்றிலிருந்தே பருக வேண்டும். பங்கெடுப்பவர்களின் பெயரை முந்தின சனிக்கிழமையே பதிவு செய்துவிட வேண்டும். பெயர் இல்லாதவர் யாருடனோ சண்டையில் இருக்கிறார், அல்லது ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்று பொருள். செயலாளரின் பெயரே இல்லாவிட்டால் ஆலய வாசலை விட்டு இறங்குவதற்குள் பத்துப் பேர் கேட்பார்கள்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜூலை 4 அன்று, எல்லாப் பந்தியும் முடியும்வரை காத்திருந்து, கடைசிப் பந்தியில், கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டேன். எனக்குப் பின் அந்தப் பாத்திரத்தில் யாரும் வாய் வைக்கப்போவதில்லை. ஒருவருக்கும் தீங்கில்லை என்று மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

உண்மையில் எனக்குப் பின் ஒருவர் இருந்தார். மீந்த திராட்சரசத்தைக் கீழே ஊற்றக் கூடாது. போதகரே பீடத்தின் முன் நின்று குடித்து முடிக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. ஒன்பது ஆண்டுகளாக மாதம் தவறாமல் அதைப் பார்த்தவன் நான். ஆனாலும் என் எண்ணிக்கையில் அவர் வரவில்லை. என்னைப் பற்றிப் பேசக்கூடியவர்களை மட்டுமே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போதகரை நாங்கள் ஐயர் என்போம். எங்கள் ஐயருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. தெற்கத்திக்காரர். சர்க்கரை நோய் உண்டு. ஆகஸ்டு மாதம் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், நம் சபையில் ஒருவர் முந்திக்கொள்ளாமல் கடைசி இடத்துக்குக் காத்திருக்கிறார், தாழ்மை என்றால் அது, என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் என் மனைவி எஸ்தர் கேட்டுவிட்டாள்.

“கைக்குட்டையெல்லாம் நீங்களே தொவைச்சிக்கினு இருக்கீங்களே, இன்னா விசேஷம்?”

“ஒண்ணுமில்ல. அழுக்கு.”

“இருபது வருஷமா அழுக்கே ஆவாத கைக்குட்டை இப்ப மட்டும் ஆவுதா?”

வாளியிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திரும்ப நனைத்து வைத்தாள். மறுநாள் காலை சாப்பாடு கட்டும்போது, “ஆஸ்பத்திரிக்குப் போங்க. நீங்க போவலன்னா நான் போய் ஐயரம்மா கிட்ட சொல்லிடுவேன்” என்றாள். அவள் அழுதிருந்தால் இன்னும் சில நாள் தள்ளிப்போட்டிருப்பேன். ஐயரம்மாவிடம், அதாவது போதகரின் மனைவியிடம், சொல்வாள் என்றதும் புறப்பட்டேன். என்னை மருத்துவமனைக்குத் தள்ளியதும் அதே பயம்தான்.

பொன்னேரியில் மருத்துவமனை உண்டு. அங்கே தெரிந்த முகங்களும் உண்டு. அதனால் செப்டம்பர் 20 அன்று விடுப்பு எடுத்து, ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி, திருவள்ளூருக்குப் போனேன். கபப் பரிசோதனை (இருமித் துப்பிய சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) எழுதிக்கொடுத்தார்கள். தகரக் குவளையோடு வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“இன்னா சார், டைம் கீப்பர் சாரு! நீயும் நம்ம சங்கத்துல சேந்துட்டியா?”

முனுசாமி. எங்கள் ஆலையில் இரும்பு சுமக்கும் காண்டிராக்ட் கூலி. சொந்த ஊர் கடம்பத்தூர். ஊருக்கு வரும்போதெல்லாம் திருவள்ளூரில் மருந்து வாங்கிக்கொள்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“மெதுவாப் பேசுப்பா.”

“எதுக்கு மெதுவா? எங்க ஊட்ல தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், டீக்கடைக்காரனுக்கும் தெரியும். எனக்குன்னு தனி கிளாஸ் வச்சிக்கிறான், அடியில சேப்பு பெயிண்டு அடிச்சு. மாப்ள மாரி குந்திக்கினு குடிக்கிறேன்.”

“ஆலையில யார்கிட்டயும் சொல்லிடாத.”

அவர் சிரித்தார். “நான் சொல்லல சார். இருமல் சொல்லாதா? அதுக்கு உன்ன விட வாயி பெருசு.”

அவருக்கு ஆலையில் அட்டை கிடையாது, பறிபோக எதுவும் இல்லை, அதனால்தான் துணிச்சல் என்று அப்போது நினைத்தேன். தப்பு. தினக்கூலிக்கு ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் அடுப்பு எரியாது. என்னைவிட அவர்தான் பயந்திருக்க வேண்டும்.

கபத்தில் கிருமி இருந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி. டாக்டரம்மா படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

“ரத்தம் எப்பலேர்ந்து?”

“ஜூன்லேர்ந்து.”

“கும்மிடிப்பூண்டிக்கு மூணு மாசமா பஸ் ஓடலையா?”

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து), கூடவே மாத்திரை, மொத்தம் ஒன்றரை வருடம் என்றார். நடுவில் ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார். பிறகு கேட்டார்: “உங்க கூட நெருங்கி உக்கார்றவங்க யார் யாரு? எல்லாரையும் டெஸ்ட் பண்ணணும்.”

மனைவி, மகள் என்றேன். வேறு யாருமில்லை, ஆலையில் நான் திறந்த வாசலில் உட்காருகிறவன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். எஸ்தரையும் பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகளையும் அழைத்துப்போய்ப் பரிசோதிக்கவைத்தேன். இருவருக்கும் ஒன்றுமில்லை. கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அதோடு என் கடமை முடிந்தது என்றும் எண்ணிக்கொண்டேன்.

ஊசியின் நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்கள் குடியிருப்புக்கு அப்பால் ஒரு கம்பவுண்டர் போட்டுவிட்டார். இடுப்பில் மாற்றி மாற்றிக் குத்தி, உட்கார இடமில்லாமல் போயிற்று. ஆறாவது வாரத்தில் காதுக்குள் ஓர் ஒலி தொடங்கியது. தூரத்தில் எங்கோ ஆலைச் சங்கு நிற்காமல் ஊதுவது போல. திரும்பினால் தலை சுற்றியது. அந்த ஊசிக்கு அப்படி ஒரு குணம் உண்டு, உடனே சொல்ல வேண்டும் என்றார்கள். சொல்ல வேண்டியதை உடனே சொல்வது எனக்குப் பழக்கமில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன். மருந்தைக் குறைத்தார்கள். ஒலி நிற்கவில்லை.

அக்டோபர் மாதமே ஐயருக்கு இருமல் வந்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் நானும் அவரும் வெஸ்திரியில் (ஆலயத்தை ஒட்டிய சிறு அறை) இரண்டு மணி நேரம் எதிரெதிரே உட்காருவோம். அவர் பிரசங்கக் குறிப்பு எழுதுவார். நான் பதிவேடுகளை முடிப்பேன். ரோட்டில் லாரிகள் போகும். அந்தப் புழுதி பதிவேட்டில் படியக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஒவ்வொரு வாரமும் நான்தான் சாத்துவேன். ஐயர் வெக்கை தாங்காமல் துண்டால் விசிறிக்கொள்வார்.

“உனக்கு இருமல், எனக்கு இருமல். நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பதில் பாட்டுப் படிக்கோம்யா” என்று ஒருநாள் சிரித்தார்.

நவம்பரில் அவருடைய அங்கி தோளில் நிற்கவில்லை. சர்க்கரைதான் இளைக்கவைக்கிறது என்றார் ஐயரம்மா. நான் ‘ஆமாம்மா’ என்றேன். நோய்க்கு ஒரு பெயர் எனக்குத் தெரிந்திருந்தும் வேறு பெயருக்கு ஆமாம் போட்டேன். இன்றும் இதை எழுதும்போது கை நிற்கிறது.

டிசம்பர் 4, சனிக்கிழமை, மாலை நாலு மணி. மறுநாள் நற்கருணை. பதிவேட்டில் பெயர்களை எழுதி முடித்தேன். ஒவ்வொருவரிடமும் ஐயர் ஒரு கேள்வி கேட்பது எங்கள் சபை வழக்கம்: “எல்லாரோடயும் சமாதானமா?” ‘ஆம்’ என்றால்தான் பெயர் நிற்கும். கடைசியில் என்னிடம் கேட்பார். அதற்கு முன் அவர் வெள்ளைத் துணியால் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருக்கு இருமல் வந்தது. சட்டென்று பாத்திரத்தை ஒரு கையால் தூரத் தள்ளிப் பிடித்து, முகத்தை முழுவதுமாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினார். இருமல் நின்ற பிறகும் உடனே திரும்பவில்லை. வாயைத் துடைத்து, கையைத் துடைத்து, அதற்குப் பிறகே பாத்திரத்தை அருகில் கொண்டுவந்தார். அறையில் என்னைத் தவிர யாருமில்லை. யாருக்காகவும் அவர் அதைச் செய்யவில்லை.

நான் ஆறு மாதமாக மனிதர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பாத்திரம் யாருடையதோ அந்தக் கர்த்தருக்காக ஒருநாளும் திரும்பியதில்லை. மாதம்தோறும் அவர் முன்னால் முழங்காலிட்டு, வாய் திறந்து பொய் சொல்லியிருக்கிறேன். அது உறைத்ததும் பயம் வந்தது. ஜூன் மாத இரத்தத்தைப் பார்த்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

“சாமுவேல், எல்லாரோடயும் சமாதானமா?”

“இல்லைங்க ஐயா.”

சொல்லிவிட்டேன். தேதி முறைப்படி, ஜூன் 14 முதல், ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் பாத்திரத்தை மேசையில் வைத்தார்.

“கடைசிப் பந்திக்கு வந்தது அதுக்காகவா?”

“ஆமாங்க.”

“உன்ன வச்சுப் பிரசங்கமே பண்ணிட்டேனேய்யா.” கையிலிருந்த வெள்ளைத் துணியை மடித்து வைத்தார். பிறகு, “ஏன் சொல்லல? எனக்கு என்ன, உன்ன அடிச்சா போடுவேன்?” என்றார்.

“ஜனங்களுக்குப் பயந்துட்டேன் ஐயா.”

“நானும் ஜனந்தானே. எனக்காகக் கொஞ்சம் பயந்திருக்கலாம்லா?” அவர் குரல் உயர்ந்தது. “எனக்குக் கோவம் வருது, சாமுவேல். இப்ப ஜெபம் பண்ணா அது ஜெபமா இருக்காது. நீ வீட்டுக்குப் போ. நாளைக்கு வா.”

வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார். “அந்த ஜன்னலைத் தொறந்துட்டுப் போ. மூச்சு முட்டுது.”

மறுநாள் ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பது செயலாளரின் வேலை. பாடகர் குழு ஒத்திகை வியாழன் மாலை. கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வாலிபர்கள் பெயர் கொடுக்கவும். இவற்றை வாசித்துவிட்டு, அதே தாளில் மூன்றாவதாக எழுதியிருந்ததையும் வாசித்தேன். எனக்குக் காசநோய், ஜூன் முதல் இருக்கிறது, மறைத்தேன், இருமல் இருப்பவர்கள் பரிசோதனைக்கு வரவும். முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் ஒருவர், “செகரட்டரி, கமிட்டிக்குச் சொல்லாமலே அறிவிப்பா?” என்றார். ஐயர் மட்டும் வாசற்படியில் எல்லாருக்கும் போலவே எனக்கும் கை கொடுத்தார்.

நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பெரிய பயம் ஒன்று வந்து சிறிய பயத்தை நகர்த்தி உட்கார்ந்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை மேனேஜரிடமும் சொன்னேன். நான் அஞ்சியவற்றில் பாதி நடந்தது. சம்பளமில்லா விடுப்பில் ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டார் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினார்கள். செயலாளர் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. எல்லாம் தாங்கக்கூடியதாகவே இருந்தது. முனுசாமி, “இப்பதான் சார் நீ முழுசா மெம்பரு” என்றார்.

தாங்க முடியாதது வேறு. ஐயருக்கு இரண்டு நுரையீரலிலும் நோய் பரவியிருந்தது. திருவள்ளூருக்கு நானே அழைத்துப்போனேன். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

“பாத்திரத்தாலேயா? இது பெரும்பாலும் மூச்சுக் காத்துல பரவறது. அவரோட எங்க உக்காருவீங்க?”

வெஸ்திரி என்றேன். ஜன்னல்? என்றார். சாத்தியிருக்கும் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

“அன்னிக்கே இவர் பேரச் சொல்லியிருந்தா ரெண்டரை மாசம் முன்னாடி பாத்திருப்பேன். சர்க்கரை இருக்கிற உடம்பு. இனிமே பாப்போம்.”

செப்டம்பர் 20 முதல் டிசம்பர் 4 வரை. எழுபத்தைந்து நாள். இத்தனை கவனமாகப் பாத்திரத்தைக் காத்தவன், கதவை அடைத்து, ஜன்னலையும் சாத்திக்கொண்டு, அவர் எதிரே உட்கார்ந்து இருமியிருக்கிறேன். அவருக்கு வந்த கிருமி என்னுடையதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஆனால் எழுபத்தைந்து நாள் என்னுடையதுதான்.

ஐயர் பதினான்கு மாதம் இருந்தார். நடுவில் தேறினார், மறுபடி விழுந்தார். அந்தக் கோபம் எப்போது போயிற்று என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் உட்காருவோம். ஒருநாள், “நீ சொன்ன அன்னைக்குத்தான்யா உனக்கு நான் போதகனானேன். அதுவரைக்கும் நீ எனக்குச் செகரட்டரி” என்றார். அதில் மன்னிப்பு இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

1973 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை காலை அவர் காலமானார். மறுநாள் மாலை அடக்கம் செய்தோம். என் நோய் அதற்குள் ஆறிவிட்டது. கபத்தில் ஆறு மாதமாகக் கிருமி இல்லை. இன்னும் ஒரு மாத மாத்திரை மட்டும் பாக்கி. ஆனால் பழைய உடம்பு எனக்குத் திரும்பவில்லை. காதில் சங்கு ஓயாது. சமதரையிலும் படகில் நிற்பது போலக் கால் அகட்டித்தான் நிற்பேன். நேரமும் மாறிவிட்டது. மணியைப் பார்த்து நாளைப் பகுத்த நான், மூச்சைப் பார்த்துப் பகுக்கத் தொடங்கியிருந்தேன். யாராவது இருமினால் அது எத்தனையாவது வார இருமல் என்று மனம் தானாகக் கேட்கும்.

கல்லறையில் மண் போடும்போது ஐயரம்மா இருமினார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, வறட்டு இருமல். பதினான்கு மாதம் அவரைக் கவனித்தவர். தொடக்கத்தில் பரிசோதித்தபோது ஒன்றுமில்லை. பிறகு எத்தனை முறை சொல்லியும் வரவில்லை. சுற்றிலும் சபையார் நின்றிருந்தார்கள். நான் அருகில் போனேன்.

“அம்மா, இந்த இருமல் எத்தனை நாளா இருக்கு?”

ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “சார், இன்னிக்கா கேக்கிறது இத? கொஞ்சம் கூட இதில்லாம.”

நான் நகரவில்லை. “கபம் பார்க்கணும்மா. நாளைக்கே.”

ஐயரம்மா முந்தானையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அந்தக் கண்கள் என்மேல் இருப்பது தெரிந்தது, கனக்கவில்லை.

“மூணு வாரமா இருக்கு,” என்றார். “தனியாப் போக மாட்டேன். நீ வரியாப்பா?”

மறுநாள் வியாழக்கிழமை. விடிவதற்கு முன் எழுந்து, தரை அசைவது நிற்கும்வரை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். பிறகு முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். முதல் பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, திருவள்ளூருக்குப் புறப்பட்டேன்.